விஷ்ணுபாதத்திலிருந்து போதிமரத்துக்கு: கயை யாத்திரிகர்களுக்கு ஒரு திறந்த மடல்



காசி, பிரயாகை, கயை என்னும் மூன்று தலங்களையும் ஒரே யாத்திரையாக முடித்து வருவது தமிழ்க் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக நின்று வரும் வழக்கம். அந்த யாத்திரையில் கயையின் விஷ்ணுபாதக் கோயிலில் மூதாதையர்க்குப் பிண்டம் வைத்து, அட்சயவடம் என்னும் ஆலமரத்தடியில் காய், கனி, இலை என ஒவ்வொன்றை விட்டுவிடுவதாகச் சங்கல்பமும் செய்து முடித்த பிறகு, வண்டி புறப்படும் வரை எஞ்சியிருக்கும் பிற்பகலில் புத்தகயையும் காட்டப்படுகிறது. பல பயணத் திட்டங்களில் அதற்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு. இம்மடலின் வேண்டுகோள் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியது. கயைக்குத் தெற்கே பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவில் உள்ள அவ்வூருக்கு யாத்திரிகர் ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும் என்பதும், அந்த நாளை யாத்திரைக்கு வெளியே செலவிட்ட நாளாகக் கருத வேண்டியதில்லை என்பதும் இங்கே முன்வைக்கப்படுகின்றன.

வெளியே அல்ல என்பதற்கு முதற்சான்று யாத்திரிகர் பிண்டம் கரைக்கும் ஆறேயாகும். கயையை ஒட்டி ஓடும் பல்கு நதி ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடக்கும். மணலைத் தோண்டினால் அடியில் நீர் ஊறும். சீதை இட்ட சாபத்தால் அவ்வாறு ஆயிற்று என்பது தலபுராணம். 2022ஆம் ஆண்டு விஷ்ணுபாதத்துக்கு எதிரே ரப்பர் அணை ஒன்று கட்டப்பட்ட பிறகு அந்தத் துறையில் மட்டும் நீர் தேங்கி நிற்கிறது. இந்த ஆற்றுக்குப் பல்கு என்ற பெயர் கயைக்கு அருகில்தான் தொடங்குகிறது. தெற்கிலிருந்து வரும் நிரஞ்சனை (இன்றைய ஊர்வழக்கில் லீலாஜன்), மோகனை என்னும் இரண்டு ஆறுகள் புத்தகயைக்குச் சற்று வடக்கே கலந்து பல்கு ஆகின்றன. சித்தார்த்தர் தவத்தைக் கைவிட்டு இறங்கி நீராடியதாகப் பௌத்த நூல்கள் கூறுவது இந்த நிரஞ்சனையில்தான். ஆகவே கயையில் யாத்திரிகர் கையில் அள்ளும் நீர், போதிமரம் இருக்கும் ஊரைக் கடந்து வந்த நீர்.

இரண்டாவது சான்று சடங்கிலேயே இருக்கிறது. வாயு புராணத்தோடு சேர்த்து வழங்கப்படும் கயா மாகாத்மியம், கயைச் சிராத்தம் செய்யும் இடங்களை வேதிகள் என்ற பெயரால் வரிசைப்படுத்துகிறது. வேதி என்பது பிண்டம் வைக்கும் மேடை. புத்தகயைப் பகுதியில் உள்ள தர்மாரண்யம், மதங்கவாபி என்னும் இரண்டு இடங்களும் போதிமரமும் அந்த வரிசையில் இடம்பெறுகின்றன. பல நாள் தங்கி எல்லா வேதிகளிலும் பிண்டமிட்ட காலத்தில் புத்தகயைக்குப் போவது சிராத்தத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. சிராத்தம் ஒரு நாளுக்குள், சில வேளை அரை நாளுக்குள், சுருங்கிய பிறகுதான் விஷ்ணுபாதமும் அட்சயவடமும் நின்று, புத்தகயை 'பார்க்கும் இடம்' ஆகிவிட்டது.

புத்தகயையில் போதிமரத்தை ஒட்டி நிற்கும் மகாபோதி ஆலயத்துக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதி இல்லை. வாயிலுக்கு அருகே அதை ஒப்படைத்துவிட்டே செல்ல வேண்டும். இதைத் தொல்லையாகக் கருதாமல் ஒரு நன்மையாகவே யாத்திரிகர் ஏற்கலாம், ஏனெனில் உள்ளே காண வேண்டியவற்றுள் பெரும்பாலானவை தரையை ஒட்டியும் கண்மட்டத்துக்குக் கீழேயும் இருப்பவை. படம் எடுக்கும் அவசரத்தில் அவை கண்ணில் படுவதே இல்லை. கோயில் இருக்கும் நிலம், சுற்றியுள்ள ஊரின் தரையைவிட ஏறத்தாழ ஐந்து மீட்டர் தாழ்ந்தது. நூற்றாண்டுகளாக இடிபாடும் வண்டலும் சேர்ந்து சுற்றுப்புறம் உயர்ந்துவிட்டதால், கிழக்கு வாயிலில் நுழைபவர் படி இறங்கிக் கோயிலை அடைகிறார். தமிழ்நாட்டில் கோயிலுக்குப் படி ஏறிப் பழகிய கால்களுக்கு இந்த இறக்கம் புதிது. இறங்கும் ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 50 மீட்டர் உயர்ந்த கோபுரம் இன்னும் சற்று உயர்ந்து தெரிகிறது.

அக்கோபுரம் செங்கல்லால் ஆனது. அசோகர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இங்கு முதற்கோயிலை எழுப்பினார் என்பது மரபு. இன்று நிற்கும் வடிவம் குப்தர் காலத்தின் இறுதிக்கு, அதாவது கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியது. முழுவதும் செங்கல்லால் கட்டப்பட்டு இன்றும் நிற்கும் இந்தியக் கோயில்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றான இது 2002இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வட இந்தியக் கோயில்களின் சிகரம் வில்லைப்போல் வளைந்து மேலே கூடும். மகாபோதியின் பக்கங்களோ வளையாமல் நேர்கோட்டில் குறுகிச் செல்வதால், தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது உடனே பழகிவிடுகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று இதற்குப் பொருளில்லை. தஞ்சைக் கோயிலுக்கு நான்கைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த உயரத்தைச் செங்கல்லில் எட்டியிருக்கிறார்கள் என்பதை நின்று நினைத்துப் பார்க்கலாம். நான்கு மூலைகளிலும் உள்ள சிறு கோபுரங்கள் 19ஆம் நூற்றாண்டுத் திருப்பணியில் எழுந்தவை. 1880களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கன்னிங்காமின் மேற்பார்வையில் பெக்லர் என்னும் பொறியாளர் அப்பணியைச் செய்தபோது, இடிபாடுகளில் கிடைத்த சிறியதொரு கல் மாதிரியை வழிகாட்டியாகக் கொண்டார். கோயிலுக்கு வந்து போன அடியார் யாரோ பக்தியால் வடித்துவைத்த சிறு வடிவம், கோயிலே சிதைந்தபோது அதன் பழைய உருவத்துக்குச் சாட்சி சொன்னது.

கருவறையில் கிழக்கு நோக்கி அமர்ந்திருக்கும் புத்தர், பால மன்னர் காலத்தில் கருங்கல்லில் வடிக்கப்பட்டுப் பின்னாளில் பொன்பூச்சுப் பெற்ற திருவுருவம். இடக்கை மடியில் இருக்க, வலக்கை முழங்காலைக் கடந்து நிலத்தைத் தொடுகிறது. இதனைப் பூமிஸ்பரிச முத்திரை, அதாவது நிலத்தைத் தொட்டுச் சாட்சிக்கு அழைக்கும் கைக்குறி, என்பர். தவத்தைக் கலைக்க மாரன் வந்து 'இந்த இருக்கைக்கு உனக்கு என்ன உரிமை' என்று கேட்டபோது, பல பிறவிகளில் செய்த ஈகைக்கு நிலமே சாட்சி என்று சித்தார்த்தர் விரலால் காட்டினார் என்பது பௌத்த மரபு. அந்தக் கேள்வி எழுந்த இடம் கருவறைக்கு நேர் பின்னால், மேற்கே, போதிமரத்தடியில் இருக்கிறது. தரிசனம் முடிந்ததென்று கருவறையிலிருந்தே திரும்பிவிடுபவர் தலத்தின் மூலத்தைக் காணாமல் திரும்புகிறார்.

போதி என்பது அரசமரம். ஆற்றங்கரையிலும் குளத்தங்கரையிலும் பிள்ளையாரை அடியில் அமர்த்தி, அமாவாசையும் திங்களும் கூடும் நாளில் நூற்றெட்டு முறை சுற்றிவரும் தமிழருக்கு அந்த மரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வால்போல் நீண்ட நுனியுடைய அதே இலை, காற்றே இல்லாத நேரத்திலும் சலசலக்கும் அதே ஓசை. இங்கு நிற்கும் மரம் புத்தர் அமர்ந்த அதே மரம் அன்று, அதன் வழிவந்தது. அசோகரின் மகள் சங்கமித்தை மூல மரத்தின் கிளையொன்றை இலங்கைக்குக் கொண்டுசென்று அனுராதபுரத்தில் நடச் செய்தார் என்பது மகாவம்சம் கூறுவது. அந்த மரம் இன்றும் அங்கே வழிபாட்டில் உள்ளது. 7ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங், வங்க மன்னன் சசாங்கன் மரத்தை வெட்டி வேரையும் எரித்தான் என்றும், மகதத்தின் பூர்ணவர்மன் ஆயிரக்கணக்கான பசுக்களின் பாலை வேரில் வார்த்து அதைத் தழைக்கச் செய்தான் என்றும் எழுதிவைத்தார். 1876இல் பழைய மரம் புயலில் சாய்ந்தது. அதன் வித்திலிருந்து கிடைத்த கன்றை 1881இல் கன்னிங்காம் நட்டார். இன்று தாங்குகோல்களின் மேல் கிளை பரப்பி நிற்பது அதுவே.

மரத்துக்கும் கோயிலின் பின்சுவருக்கும் இடையே வஜ்ராசனம் உள்ளது. அசோகர் காலத்து மெருகேறிய மணற்கல் பலகையான அதன் விளிம்பில் அன்னப்பறவைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. விதானமும் பட்டுத்துணியும் மலர்க்குவியலும் மறைப்பதால், வேலியின் இடைவெளியில் பொறுமையாக நின்று பார்ப்பவருக்கே அதன் ஒரு பகுதியேனும் தென்படும். உலகிலுள்ள பௌத்தர் அனைவருக்கும் இதைவிடப் புனிதமான இடம் வேறில்லை.

ஞானம் பெற்ற புத்தர் அவ்விடத்தை விட்டு உடனே போய்விடவில்லை. ஏழு வாரம், அதாவது 49 நாள், மரத்தைச் சுற்றியுள்ள சிறு எல்லைக்குள்ளேயே தங்கினார் என்பது பௌத்த மரபு, அந்த ஏழு வாரங்களும் ஏழு இடங்களாக அடையாளம் காட்டப்பட்டுள்ளன. முதல் வாரம் மரத்தடியில் கழிந்தது. இரண்டாம் வாரம் வடகிழக்கில் ஒரு மேட்டில் நின்று, தமக்கு நிழல் தந்த மரத்தை இமைகொட்டாமல் நோக்கிக்கொண்டிருந்தார். அவ்விடத்துக் கோயிலுக்கு அனிமேஷலோசனம், இமையாக் கண், என்று பெயர். மூன்றாம் வாரம் கோயிலின் வடபுறத்தில் முன்னும் பின்னுமாக நடந்தார். அந்த நடைமேடையில் அடிவைத்த இடந்தோறும் கல்லில் தாமரை வைத்திருக்கிறார்கள். ஆறாம் வாரத்தில் பெய்த பெருமழையில் முசலிந்தன் என்னும் நாகம் தன் படத்தைக் குடையாக விரித்துக் காத்ததன் நினைவாகத் தெற்கே குளம் ஒன்று இருக்கிறது. மூலக்குளம் அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள கிராமத்தில் இருந்ததாகவும் கருதுவர். இந்த ஏழனுள் இரண்டாவதற்குத் தனிச்சிறப்பு உண்டு. பேரறிவு பெற்றவர் மரத்தடியிலிருந்து எழுந்ததும் முதலில் செய்தது போதனையோ பயணமோ அன்று, மரத்துக்கு நன்றி கூறியது. நன்றிக்கடனைத் தீர்ப்பதற்காகவே அத்தனை தொலைவு கடந்து கயைக்கு வந்திருக்கும் ஒருவர், வேறெங்கும் நிற்காவிட்டாலும் இந்த மேட்டில் சிறிது நேரம் நிற்கலாம்.

மரத்தையும் கோயிலையும் சுற்றியிருந்த கல்வேலி, அசோகருக்கு ஓரிரு நூற்றாண்டுகள் பிந்தியது. அதன் பழைய மணற்கல் தூண்களுள் பல பாதுகாப்புக்காக ஊரிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் அந்த அருங்காட்சியகத்தைத் தவிர்த்துவிடுவது வருந்தத்தக்கது. தூண் தூணாக ஒரே செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது: குரங்கி என்னும் பெருமாட்டி அளித்த கொடை இது. அரசனின் மெய்க்கீர்த்தியோ போரின் புகழோ அதில் இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தன் பொருளைக் கொடுத்துத் தூண்கள் நிறுத்தினாள் என்ற அளவில் கல்வெட்டு முடிந்துவிடுகிறது. அவ்வேலிச் சிற்பங்களுள் குதிரைகள் பூட்டிய தேரில் வரும் சூரியனும் யானைகள் நீராட்டும் திருமகளும் இருப்பதைக் காணும் தமிழர், இவை யாருடைய தெய்வங்கள் என்ற கேள்வி அன்று இவ்வளவு கூர்மையாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே காண்பார்.

இன்னொரு சிற்பம் அருகில் சென்று பார்க்கத்தக்கது. ஆட்கள் குனிந்து, சதுரச் சதுரமான வில்லைகளைப் பாய் முடைவதுபோல் தரையில் நெருக்கமாக அடுக்குகிறார்கள். சங்கத்துக்குத் தோட்டம் ஒன்றை வாங்க விரும்பிய சிராவத்தி நகர வணிகரிடம், தரை முழுவதும் காசு பரப்பினால் தருவதாக உரிமையாளன் சொல்ல, அவர் அவ்வாறே பரப்பிய கதை அது. அக்காலத்து முத்திரைக் காசுகள் சதுரமாகவும் இருந்ததால் சிற்பத்திலும் அவை சதுரமாக இருக்கின்றன. அந்த வணிகரை நூல்கள் அநாதபிண்டிகர் என்று அழைக்கின்றன. துணையற்றோர்க்குப் பிண்டம் அளிப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். பிண்டம் என்றால் சோற்றுருண்டை. பிக்கு வீடுதோறும் ஏற்கும் பிச்சைச்சோற்றுக்கும் பிண்டபாதம் என்றே பெயர். இறந்தோர்க்காகக் கயையில் உருட்டி வைக்கும் சோற்றைக் குறிக்கும் அதே சொல், இங்கே பசித்தோர்க்கும் துறந்தோர்க்கும் இடப்படும் சோற்றுக்கு வழங்குகிறது. பிண்டம் என்ற சொல்லை நாளெல்லாம் காதில் கேட்டு வரும் யாத்திரிகரைவிட இந்தச் சிற்பத்துக்கு நெருங்கிய வாசகர் கிடைப்பது அரிது.

அச்சொல் ஆற்றைக் கடந்தும் தொடர்கிறது. நிரஞ்சனையின் கீழ்க்கரையில் பக்ரௌர் என்னும் ஊரில் செங்கல் தூபி ஒன்று வட்டமான மேடாக எழுந்து நிற்கிறது. அங்கு நடந்த அகழாய்வில் பால மன்னன் தேவபாலனின் பெயரோடு சுஜாதையின் இல்லம் என்று குறிக்கும் எழுத்துப் பொறிப்பும் கிடைத்தது. சுஜாதை அவ்வூர்ப் பெண். கடுந்தவத்தால் எலும்பும் தோலுமாகிப்போன சித்தார்த்தருக்கு அவள் கறந்த பாலில் பொங்கிய பாயசத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாலி மொழியில் புத்தர் வரலாற்றைச் சொல்லும் நிதானகதை, அந்தப் பாற்சோற்றை அவர் 49 பிண்டங்களாகப் பிடித்து உண்டார் என்றும், அடுத்த 49 நாட்களுக்கு வேறு உணவு கொள்ளவில்லை என்றும் கூறுகிறது. முன்னே சொன்ன ஏழு வாரங்களுக்கான உணவு அது. பல்குவின் ஒரு கரையில் பிண்டம் வைத்துவிட்டு வரும் கை, மேலே சிறிது தூரத்தில், அதே ஆற்றின் மறுகரையில், உயிரோடிருந்த ஒருவரின் பசியைத் தீர்த்த பிண்டங்களின் நினைவிடத்தில் வணங்கலாம். பாலத்தைக் கடந்து போய்வர அதிக நேரம் ஆகாது. கால்நடை மேயும் வயலோரத்துத் தூபியில் கூட்டமும் இருப்பதில்லை.

கோயிலுக்குள் நடந்துகொள்ளும் முறை பற்றியும் சில சொல்ல வேண்டும். புத்தர் திருமாலின் ஒன்பதாம் அவதாரம் என்ற ஒரே செய்தியோடு பலர் உள்ளே வருகின்றனர். புராணங்கள் சில அவ்வாறு கூறுவது உண்மை. தமிழ் வைணவ மரபின் தசாவதார வரிசையில் புத்தர் இல்லாமல் பலராமர் இருப்பதும் உண்மை. பௌத்தர்கள் அந்த அவதாரக் கொள்கையை ஏற்பதில்லை என்பதும் உண்மை. இந்த மூன்றும் தெரிந்து வருபவர், அங்கே நெற்றி நிலத்தில் படக் கிடப்பவரிடம் போய் விளக்கம் சொல்ல முற்படமாட்டார். கோயிலைச் சுற்றியுள்ள புல்வெளியில், ஆள் நீளத்துக்குச் சற்று மிகுந்த மரப்பலகைகள் சாய்வாக வரிசையாய்க் கிடப்பதைக் காணலாம். திபெத்திய அடியார்கள் நின்று, கைகூப்பி, குப்புற விழுந்து, உள்ளங்கைகளை முன்னே நீளத் தள்ளி, மீண்டும் எழுகிறார்கள். கை தேயாமலிருக்கத் துணியோ அட்டையோ கட்டியிருப்பார்கள். கைகள் ஓடி ஓடிப் பலகையில் இரண்டு தடங்கள் கண்ணாடிபோல் வழுவழுத்துப்போயிருக்கும். நாளுக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று எண்ணி, இலட்சம் முறையை நிறைவு செய்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு இடையே குறுக்கே நடக்காமலும், குரலை உயர்த்தாமலும், வேலிக்குள் கை நீட்டி மரத்தின் இலையைப் பறிக்காமலும் இருப்பது போதும். இலை தானாக உதிரும்; உதிர்ந்ததை எடுத்துக்கொள்வதில் தடையில்லை, அதற்காக முதிய பிக்குகளும் சிறுவர்களும் சேர்ந்து காத்திருக்கும் காட்சியும் அங்கு வழக்கமானது.

இவ்விடம் யாருடையது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை என்பதையும் யாத்திரிகர் அறிந்திருக்க வேண்டும். 1234ஆம் ஆண்டளவில் வந்த திபெத்தியத் துறவி தர்மசுவாமி, படையெடுப்பு அச்சத்தால் ஊர் வெறிச்சோடி நான்கே பிக்குகள் எஞ்சியிருந்ததையும், கருவறைச் சிலையைக் காப்பதற்காக வாயிலைச் செங்கல்லால் அடைத்திருந்ததையும் கண்டார். 1590இல் கமண்டி கிரி என்னும் சைவத் துறவி இங்கு வந்து தங்கி மடம் அமைத்தார். நாளடைவில் கோயிலும் நிலமும் அந்த மடத்தின் மகந்துகள், அதாவது மடாதிபதிகள், கைக்கு வந்தன. கோயில் வளாகத்தில் பாண்டவர் ஐவர் என்று வணங்கப்படும் சிலைகள் உண்மையில் புத்தர், போதிசத்துவர் உருவங்கள் என்பது அக்காலத்தின் ஒரு தடயம். இடையில் கோயிலை நினைவில் வைத்திருந்தோர் பர்மியர். 11ஆம் நூற்றாண்டிலும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் திருப்பணிக்கு ஆள் அனுப்பிய அவர்களின் மன்னர் மரபில் மிண்டோன் 1870களில் மீண்டும் அனுப்பியதைத் தொடர்ந்தே ஆங்கிலேய அரசு தலையிட்டது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் 'ஆசிய ஜோதி' வழியே தமிழர் அறிந்த எட்வின் ஆர்னால்டு 1880களில் இங்கு வந்து, கோயிலைப் பௌத்தரிடம் சேர்க்க வேண்டும் என்று எழுதினார். அதனால் தூண்டப்பட்ட இலங்கையின் அநகாரிக தர்மபாலர் 1891இல் மகாபோதி சங்கத்தை நிறுவினார். சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் தொடங்கிய தமிழ்ப் பௌத்த இயக்கமும் அந்த எழுச்சிக் காலத்தைச் சேர்ந்தது. 1895இல் தர்மபாலர் ஜப்பானியப் புத்தர் சிலையைக் கோயிலின் மேல்தளத்தில் வைக்க முயன்றது வழக்காகி நீதிமன்றம் வரை சென்றது. விடுதலைக்குப் பின், 1949ஆம் ஆண்டின் புத்தகயைக் கோயில் சட்டம், நான்கு இந்துக்களும் நான்கு பௌத்தர்களும் மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்டு நிர்வகிக்கும் குழுவை உருவாக்கியது. நிர்வாகம் முழுவதும் தங்களிடமே வர வேண்டும் என்று கேட்டுப் பிக்குகள் 2025இலும் உண்ணாநோன்பு இருந்தனர். இதில் ஒரு பக்கம் சேர வேண்டும் என்று யாத்திரிகரை இம்மடல் வற்புறுத்தவில்லை. ஆனால் தங்கள் தலையாய தலத்தின் நிர்வாகத்துக்காக ஒரு சமயத்தார் நூறாண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அறிந்த ஒருவர், அங்கே விருந்தினராகவே கால் வைப்பார். அந்த உணர்வு வர வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்லப்பட்டது.

தாய்லாந்து, ஜப்பான், பூட்டான், மியான்மர், வியட்நாம் எனப் பல நாட்டார் கட்டிய கோயில்களும் 1989இல் திறக்கப்பட்ட 25 மீட்டர் உயரப் புத்தர் சிலையும் ஊரெங்கும் உள்ளன. அழகானவைதாம், ஆயினும் வழிகாட்டிகள் அவற்றுக்கே அதிக நேரம் கொடுத்து மகாபோதியை அவசரமாக முடித்துவிடுவதால், அவற்றைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு நாளும் கிடைக்குமானால் அது கயைக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் உள்ள பராபர் குன்றுகளுக்குப் போகட்டும். அசோகரும் அவர் பேரன் தசரதனும் ஆசீவகம் என்னும் பழஞ்சமயத்தின் துறவிகளுக்குக் குடைந்து கொடுத்த குகைகள் அங்கு உள்ளன. கருங்கல்லின் உட்சுவரில் முகம் தெரியும் அளவுக்கு மெருகு ஏற்றியிருக்கிறார்கள், மெல்லப் பேசினாலும் குரல் நீண்டு முழங்குகிறது. மணிமேகலை சமயக்கணக்கரிடையே ஆசீவகனையும் நிறுத்துகிறது. அச்சமயத்தார் மீது விதிக்கப்பட்ட வரியைத் தமிழகத்து இடைக்காலக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. வட இந்தியாவில் மறைந்த பின்னும் அச்சமயம் தமிழ்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தது. நாளந்தாவுக்குச் செல்வோரும் வெறுங்கையோடு போவதில்லை: அங்கு யுவான் சுவாங்குக்குக் கற்பித்த சீலபத்திரரின் ஆசிரியரான பழைய தர்மபாலர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர்.

காலம் பற்றி ஒரு சொல். மாளய பட்சத்தில் கயையில் கூட்டம் நெரியும், வெயிலும் புழுக்கமும் இருக்கும். திதிக்காக அந்தப் பதினைந்து நாட்களிலேயே வர வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் கார்த்திகை முதல் மாசி வரையிலான குளிர்மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். பல நாட்டுப் பிக்குகள் கூட்டங்கூட்டமாக மரத்தடியில் அமர்ந்து திருநூல் ஓதுவதும் அப்போதுதான். கயைத் தெருக்களில் எள்ளையும் வெல்லப்பாகையும் சேர்த்து மர உலக்கையால் இடித்துத் தட்டும் திலகுட் என்னும் இனிப்பு கிடைப்பதும் குளிரில்தான். தர்ப்பணத்துக்கு எள் இறைத்த ஊரில் எள்ளே தின்பண்டமாகவும் மணப்பதை யாத்திரிகர் வியப்போடு நினைவில் கொள்வர். கோயில் விடியற்காலை ஐந்து மணிக்குத் திறக்கிறது. அந்நேரத்தில் உள்ளே இருப்போர்க்கு மரமும் அமைதியும் முழுமையாகக் கிடைக்கும்.

அதிகாலையில் புத்தகயைக்குச் சென்று, பகலில் ஆற்றைக் கடந்து சுஜாதையின் தூபியையும் கண்டு, பிற்பகலில் கயைக்குத் திரும்புவோர்க்கு இன்னும் ஒன்று எஞ்சியிருக்கிறது. விஷ்ணுபாதத்துக்குத் தென்மேற்கே, பிண்டமிடும்போதெல்லாம் கண்ணில் படும் பிரம்மயோனி மலை, பாலி நூல்களில் கயாசீசம் என்று பெயர் பெற்றது. சடைமுடியும் வேள்வித்தீயுமாக இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த காசியபர் மூவரும் அவர்தம் மாணாக்கரும் ஆயிரவராய்ச் சங்கத்தில் சேர்ந்த பின், அவர்களை இம்மலைக்கு அழைத்துவந்து, கண்ணும் காதும் மனமும் ஆசையால் எரிந்துகொண்டிருப்பதைத் தீயை வளர்த்தவர்களுக்குத் தீயைக் கொண்டே புத்தர் விளக்கினார். கற்படிகள் செங்குத்தானவை, முதியோர் இடையிடையே அமர்ந்து ஏறலாம். மேலே நின்றால் கீழே விஷ்ணுபாதத்தின் கருங்கல் கோபுரமும், அதன் படித்துறையில் அன்றைய கடைசிப் பிண்டங்களை இடுவோரும், தெற்கே புத்தகயையிலிருந்து அத்துறையை நோக்கி வெண்மணலாக நீண்டு வரும் ஆறும் சேர்ந்தே தெரிகின்றன.